48/16 சிங்கிள் ஸ்பீடு, சிக்னலில் கிளம்பவே முடியவில்லை: எந்தப் பல்லுக்கு மாற்றலாம்?

வேளச்சேரிவாசி:
வணக்கம். கியர் மாற்ற வசதி இல்லாத சிங்கிள் ஸ்பீடு சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முன்னால் 48 பல், பின்னால் 16 பல் ஃப்ரீவீல் (மிதிக்காமல் விட்டாலும் சக்கரத்தைச் சுற்ற விடும் பின் பல்சக்கரம்), டயர் 700×28. வேளச்சேரியிலிருந்து கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை வழியாக மவுண்ட் ரோடில் ஸ்பென்சர் பக்கம் வரை போய்வர வேண்டும். வண்டி ஓட்டம் பிடித்துவிட்டால் பிரமாதம். நின்று கிளம்பும்போதுதான் உயிர் போகிறது, எழுந்து நின்று மிதித்தால்தான் நகர்கிறது. இப்போது முட்டியின் முன்பக்கம் வலிக்கவும் ஆரம்பித்திருக்கிறது. முன்னால் குறைப்பதா, பின்னால் கூட்டுவதா? எவ்வளவு? வேகம் ரொம்ப அடிபடுமா?

பழையரிம்:
48/16 என்றால் விகிதம் 3. உங்கள் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.14 மீட்டர். ஆக, பெடல் ஒரு சுற்று வந்தால் வண்டி 6.4 மீட்டர் போகும். காலியான ஈசிஆரில் விடியற்காலையில் ஓட்ட அது நல்ல கியர். கிண்டியிலிருந்து தேனாம்பேட்டை வரை சிக்னலுக்குச் சிக்னல் நிற்பவருக்கு அது தண்டனை.

எல்லோரும் "எவ்வளவு வேகம் போகலாம்" என்று பார்த்துத்தான் கியர் எடுக்கிறார்கள். ஊருக்குள் பார்க்க வேண்டியது, நின்ற இடத்திலிருந்து சீட்டில் உட்கார்ந்தபடியே கிளம்ப முடிகிறதா என்பதைத்தான். பஸ்ஸும் ஆட்டோவும் போகிற சாலையில் உச்ச வேகம் உங்கள் கையில் இல்லை. கிளம்புவது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

கணக்கு போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் 48/16-இல் மணிக்கு சுமார் 31 கிலோமீட்டர். 48/18-இல் 27. 48/20-இல் 24.5. ஊருக்குள் தொடர்ந்து 31-இல் ஓட்ட எங்கே வழி இருக்கிறது, சொல்லுங்கள்? 18 போட்டால் கால் கொடுக்க வேண்டிய விசை 11 சதவீதம் குறையும், 20 போட்டால் 20 சதவீதம். முட்டிக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

மாற்றுவதைப் பின்னால் மாற்றுங்கள். பின்னால் 2 பல் கூட்டுவது முன்னால் 5 பல்லுக்கு மேல் குறைப்பதற்குச் சமம். ஃப்ரீவீல் விலையும் முன்பல் சக்கரமான செயின்வீலைவிடக் குறைவு. என் ஓட்டு 18-க்கு. முட்டி வலி ஏற்கெனவே வந்துவிட்டதால் 20-ஐயும் யோசிக்கலாம்.

அடையாறு காற்று:
18 போதும் என்பேன். 20 போட்டால் மேம்பாலத்தின் இறக்கத்தில் கால் காற்றில் சுற்றும், பெடலில் பிடியே இருக்காது.

ஆனால் ஒன்றை யாரும் சொல்லவில்லை: கடல்காற்று. கோடையில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் அடிக்கும். வேலை முடிந்து தெற்கே திரும்பும்போது அது முகத்திலும் பக்கவாட்டிலும் அடிக்கும், அதுவும் களைத்துப்போன காலோடு. வடகிழக்குப் பருவத்தில் அப்படியே தலைகீழ், காலையில் வடக்கே போகும்போது எதிர்க்காற்று. சென்னையில் மலை இல்லையே என்று பெரிய கியர் போடுகிறவர்கள் இந்தக் காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. எதிர்க்காற்றில் கியரைக் குறைக்க வழி இல்லாத வண்டி இது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழையரிம்:
காற்று விஷயம் உண்மைதான். ஆனால் அது 20-க்குச் சாதகமான வாதம் அல்லவா? :) இறக்கத்தில் மிதிக்காமல் விட்டால் போகிறது, ஃப்ரீவீல் எதற்கு இருக்கிறது?

ராயபுரம் ராலி:
கியரை மாற்றுவதற்கு முன் சீட் உயரத்தைப் பாருங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பாதி நேரம் சீட் தாழ்வாக இருப்பதுதான் காரணம். பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன் மேல் வையுங்கள், கால் முழுதாக நீள வேண்டும். அப்படி வைத்துவிட்டு வழக்கம்போல முன்பாதத்தால் மிதித்தால் முட்டியில் லேசான மடிப்பு மட்டும் இருக்கும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் கழித்தும் வலி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், கியர் பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள்.

வேளச்சேரிவாசி:
சீட்டைச் சோதித்தேன், நீங்கள் சொன்னதுபோல் கொஞ்சம் தாழ்வாகத்தான் இருந்தது. ஏற்றிவிட்டேன். 18 வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இருக்கிற செயின் பத்துமா? கடைக்காரர் செயினும் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். ஃபிக்ஸட் கியர் (சக்கரம் சுற்றும்வரை பெடலும் சேர்ந்தே சுற்றும்) ஆக்கிவிடு என்று ஒரு நண்பர் வேறு சொல்கிறார்.

ஸ்பேனர் அண்ணாச்சி:
தம்பி, முதலில் செயினை அளந்து பாருங்க. ஒரு பின்னின் நடுவிலிருந்து ஸ்கேலை வைத்தால் 24 கண்ணி தாண்டி வரும் பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 12-ஐத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போய்விட்டால் மாற்றிவிடுங்க. நீண்டுபோன செயினைப் புதுப் பல்லில் போட்டால் மிதிக்கும்போது நழுவும், மேம்பாலத்தில் நழுவினால் கம்பியில்தான் விழுவீங்க. அளவு சரியாக இருந்தால் பழசே போதும், கடைக்காரர் சொன்னதற்காக வாங்க வேண்டாம்.

நீளம் பத்துமா என்றால், பின் ஆக்சில் உட்காரும் நீளப் பள்ளமான ஸ்லாட்டைப் பொறுத்தது. ஒரு பல் கூடினால் சக்கரம் முன்னால் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட நகரும். 16-இலிருந்து 18 என்றால் 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக்சில் இப்போது ஸ்லாட்டின் நடுவில் இருந்தால் கவலையே இல்லை. முன்முனையை ஒட்டி நின்றால் செயினில் ஒரு முழுக் கண்ணி, அதாவது உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்த ஒரு ஜோடி, சேர்க்கணும். 20 போட்டால் 12.7 மில்லிமீட்டர், அதற்குக் கண்டிப்பாக இடம் பார்த்துக்கொள்ளுங்க.

சக்கரம் நகர்ந்ததும் பின் பிரேக் கட்டை ரிம்மில் சரியாக உட்காருகிறதா என்று பாருங்க. இதை நிறைய கடையில் மறந்துவிடுவாங்க, கட்டை ரிம்மை விட்டு ஸ்போக் பக்கம் இறங்கிவிடும். செயினின் நடுவில் விரலால் தூக்கினால் ஒரு சென்டிமீட்டர் ஆடணும். பெடலைச் சுற்றிப் பார்த்து எங்கே ரொம்ப இறுகுகிறதோ அங்கே வைத்துப் பாருங்க, ஏனென்றால் செயின்வீல் எதுவும் சுத்த வட்டமாக இருக்காது.

ஃப்ரீவீல் வாங்கும்போது செயின் அகலத்தைச் சொல்லுங்க. ஒல்லிச் செயினை அகலப் பல்லில் போட முடியாது. அகலச் செயின் ஒல்லிப் பல்லில் ஓடும். பழைய ஃப்ரீவீலைக் கழற்றுவது வீட்டு வேலை இல்லை. மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொண்டே போயிருக்கும், அதன் வெட்டுக்குப் பொருந்துகிற ரிமூவரும் வைஸும் இல்லாமல் தட்டினால் ஹப்தான் போகும்.

ஃபிக்ஸட் வேண்டாம். நம்ம ஊர் சாலையில் பள்ளம் வந்தால் மிதிப்பதை நிறுத்த வழியிருக்கணும். முட்டி வலி உள்ளவருக்கு அது இன்னும் மோசம்.

வேளச்சேரிவாசி:
ஆக்சில் ஸ்லாட்டின் நடுவில்தான் இருக்கிறது. செயின் 12 அங்குலத்தைத் துளிதான் தாண்டுகிறது, நீங்கள் சொன்ன அளவு வரை போகவில்லை. 18 பல், அகலச் செயினுக்கானது, நாளைக்குப் போய் வாங்குகிறேன்.

ஸ்பேனர் அண்ணாச்சி:
போட்டுக்கொடுத்ததும் கடை வாசலிலேயே எழுந்து நின்று ஓங்கி ஒரு மிதி மிதிச்சுப் பாருங்க. ஃப்ரீவீல் கடைசியாக ஒரு துளி இறுகும், செயின் நழுவினால் அங்கேயே தெரிந்துவிடும்.