கோபுர நிதி: முதலில் கணக்கு, பிறகு பணம்

அன்பான ஊர் உறவுகள் அனைவருக்கும் தோத்திரம்.

நம் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் கடிதத்தைச் செயலர் அண்ணாச்சி சென்ற வாரம் நம் ஊர்ச் சங்கத்தின் குழுவுக்கு அனுப்பியிருந்தார். நம் கிறிஸ்தவக் கோயிலுக்குப் புதுக் கோபுரம், உள்ளே கிரானைட் தரை, குளிர்சாதன வசதி. வெளிநாட்டில் இருப்பவர்கள் தலைக்கட்டுக்கு ஒரு லட்சம் ரூபாய், அடுத்த பிரதிஷ்டைப் பண்டிகைக்குள் தரவேண்டும். ‘ஆமென்’ என்றும் ‘என் பங்கு தயார்’ என்றும் பதில்கள் வரிசையாக வந்துவிட்டன. நான் மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை என்று சிலர் தனியாகக் கேட்டார்கள். கணக்கு வராமல் கோபுரத்துக்கு நான் பணம் தரமாட்டேன். நீங்களும் தரவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தில் கோபுரத்தின் படம் இருக்கிறது, வசனம் இருக்கிறது, வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. மொத்த மதிப்பீடு எவ்வளவு, சேகரத்தின் கையிருப்பு எவ்வளவு, ஒப்பந்தக்காரரை யார் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. நம்முடையது ஏழைச் சேகரம் இல்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பஜார் கடைகளின் வாடகை வருகிறது. கல்யாண மண்டபம் முகூர்த்த மாதங்களில் சும்மா கிடப்பதில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தார் ஆயிரக்கணக்கில் போவதை நாமே பெருமையோடு படம் எடுத்து இங்கே போடுகிறோம். சபையார் மாதாமாதம் தரும் சங்கக் காணிக்கையும் ஸ்தோத்திரக் காணிக்கைகளும் தனி. அந்த மண்டபம் கட்டியபோதும் இதே குழுவில்தான் கேட்டார்கள், நாமும் கொடுத்தோம். அதன் வரவு செலவை நம்மில் யாரும் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை.

கோயில் சுவருக்கு அந்தப் பக்கம் நம் தொடக்கப் பள்ளி. நாம் எல்லோரும் சிலேட்டுப் பிடித்த இடம். இப்போது ஓடுகள் உடைந்து, மழை நாளில் மூன்றாம் வகுப்பை நான்காம் வகுப்போடு சேர்த்து உட்கார வைக்கிறார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசு தரும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டியது நிர்வாகம். நிர்வாகம் வேறு யாரோ இல்லை, நம் சபைதான். சபை ஊழியரான உபதேசியாரின் சம்பளத்தில் ஒரு குடும்பம் மாதத்தின் பாதியைத் தாண்டாது. குளிர்சாதனத்துக்கு வரப்போகும் மின்கட்டணம் அந்தச் சம்பளத்தை மிஞ்சிவிடும் என்று நினைக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை.

மஸ்கட் பெரியப்பா ஒரு வசனத்தைச் சுட்டிக்காட்டி எழுதியிருந்தார். ஞாயிறு பள்ளியில் எனக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அதனால் அவருக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லவேண்டும். இரண்டாம் இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தில், ஆலய வேலையை நடத்தியவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று இருக்கிறது. நாம் மட்டும் ஏன் கேட்கவேண்டும் என்பது அவர் கேள்வி. பெரியப்பா, அதே அதிகாரத்தை 4-ஆம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். பழுதுபார்க்கும் பணத்தை யோவாஸ் ராஜா முதலில் ஆசாரியர்கள் கையில்தான் விட்டான். அவனுடைய 23-ஆம் வருஷம் வரைக்கும் ஒரு பழுதும் பார்க்கப்படவில்லை. ராஜா அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டான். இனி ஜனங்களிடம் நாங்கள் பணம் வாங்குவதில்லை என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அதன்பின் ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, அதன் மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தின் பக்கத்தில் வைத்தான். பெட்டியில் பணம் சேர்ந்ததும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தர்) பிரதான ஆசாரியனும் இருவருமாக வந்து எண்ணிப் பைகளில் கட்டினார்கள். எண்ணிய பணம்தான் வேலையை நடத்தியவர்கள் கைக்குப் போனது. அவர்கள் உண்மையாய் நடந்தார்கள். அதனால் கணக்குக் கேட்கவில்லை. இத்தனை ஏற்பாடும் முடிந்த பிறகு வருகிற வசனம் அது. இன்னொன்றும் அங்கேயே இருக்கிறது: அந்தப் பணத்தில் வெள்ளிக் கிண்ணமும் பொன் பாத்திரமும் செய்யவில்லை, இடிந்ததைக் கட்டுவதற்கே கொடுத்தார்கள். நம் ஊரில் இடிந்து கிடப்பது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் குடியிருக்கும் பிராங்க்பர்ட்டின் பெரும்பகுதி கத்தோலிக்கரின் லிம்பர்க் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கே சபை வரி என்று ஒன்று உண்டு. சபையில் பதிவு செய்தவர்களின் வருமான வரியில் 9 சதவீதம் (தெற்கே இரண்டு மாநிலங்களில் 8) சம்பளத்திலேயே பிடித்துச் சபைக்குப் போய்விடும். லிம்பர்க் ஆயர் தம் இல்லத்தையும் அதைச் சேர்ந்த கட்டடங்களையும் கட்ட முனைந்தபோது சொன்ன மதிப்பீடு 55 லட்சம் யூரோ. 2013-இல் செலவு 3 கோடியே 10 லட்சம் யூரோ என்று வெளியே வந்தது. குளியல் தொட்டிக்கு மட்டும் 15,000 யூரோ என்று நாளிதழ்கள் எழுதின. எனக்கு அந்தத் தொட்டி பெரிதில்லை. விசாரணை அறிக்கை காட்டிய வழிமுறைதான் பெரிது. 50 லட்சம் யூரோவைத் தாண்டும் வேலைக்கு ரோமின் அனுமதி வேண்டும். அதைத் தவிர்க்க ஒரே வேலையைப் பல சிறு வேலைகளாகப் பிரித்தார்கள். பணம் வந்தது ஆயர் பீடத்துக்கென்று இருந்த தனிச் சொத்திலிருந்து. அந்தச் சொத்து பொதுக்கணக்கில் வராது. அதை மேற்பார்வை பார்த்த குழுவினர் ஆயரே நியமித்தவர்கள். 2014 மார்ச்சில் அவருடைய பதவி விலகலைப் போப் ஏற்றுக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்குப் பயன்படும். மற்ற மறைமாவட்டங்கள் ஒவ்வொன்றாக ஆயர் பீடச் சொத்தை வெளியே சொல்லத் தொடங்கின. 2015-இல் கொலோன் பேராயம் தன் சொத்து 335 கோடி யூரோ என்று இருப்புநிலைக் குறிப்பையே வெளியிட்டது. நூற்றாண்டுகளாக மூடி வைத்திருந்ததைத் திறக்க ஓர் ஊழல் தேவைப்பட்டது. நம் ஊரில் அந்த அளவுக்குப் போகவேண்டாம் என்பதுதான் என் ஆசை.

டல்லாஸ் தங்கை கேட்டது நியாயமான கேள்வி: கணக்கைக் காட்டி, கையில் நிறைய இருப்பது தெரிந்துவிட்டால் ஜனங்கள் காணிக்கையை நிறுத்திவிட மாட்டார்களா? அம்மா, உன் நாட்டிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. மோர்மன் சபையார் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிறவர்கள். அந்தச் சபை 1959-க்குப் பிறகு விரிவான செலவுக் கணக்கை வெளியிடவில்லை. 2019-இல் அதன் முதலீட்டு நிறுவனமான என்சைன் பீக்கில் வேலை பார்த்த ஒருவர், சுமார் 10,000 கோடி டாலர் அங்கே குவிந்திருக்கிறது என்று வருமான வரித்துறைக்குப் புகார் கொடுத்தார். காணிக்கை கொடுக்கத் தேவையில்லை என்ற எண்ணம் ஜனங்களுக்கு வந்துவிடக்கூடாது என்பதும் மறைத்ததற்கு ஒரு காரணம் என்று அந்த நிறுவனத்தின் தலைவரே 2020-இல் ஒரு நாளிதழிடம் சொன்னார். 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம், பங்குகளைப் பெயரளவு நிறுவனங்களின் பேரில் காட்டியதற்காக அந்த நிறுவனத்துக்கு 40 லட்சம், சபைக்கு 10 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அவர்கள் நல்ல காரியங்களும் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கொடுக்கிறவனிடம் உண்மையைச் சொன்னால் கொடுக்கமாட்டான் என்று நினைப்பது அவனுடைய விசுவாசத்தையே சந்தேகிப்பது. எனக்கு அது பெரிய அவமானமாகப் படுகிறது.

நம் முன்னோர் உயரமான கோயில்களைக் கட்டவில்லையா என்று சிங்கப்பூர் அத்தான் எழுதியிருந்தார். கட்டினார்கள். மெஞ்ஞானபுரம் கோபுரத்தைத் தூரத்தில் கண்டாலே எனக்கும் நெஞ்சு நிறையும். இடையன்குடிக் கோயிலுக்கு 1847-இல் வேலை தொடங்கி, பிரதிஷ்டை 1880-இல்தான் நடந்தது. 33 வருஷம். அதே காலத்தில் அங்கே ஊழியம் செய்த கால்டுவெல் ஐயர் குடும்பம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது, லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தது, 1877 பஞ்சத்தில் ஜனங்களுக்குச் சோறு போட அலைந்தது. அதற்கும் முன்னால், 1830-இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் தரும சங்கம் தொடங்கினார்கள். சேர்ந்த பணத்தில் நிலம் வாங்கி, கிறிஸ்தவர்களானதால் துரத்தப்பட்ட குடும்பங்களைக் குடியேற்றினார்கள். பனையேறிகளும் கூலிக்காரர்களும் கொடுத்த காசு அந்தச் சபைகளில் இருந்தது. வீட்டுக்கு வீடு கைப்பிடி அரிசி எடுத்து வைத்த நம் ஆச்சிமார் வழியில் வந்தவர்கள் நாம்.

இனி ஒரு சட்ட விஷயம், இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தம் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர்கள் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும். அதை வாங்க அந்த அமைப்பு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்கவேண்டும், அல்லது முன்அனுமதி பெற்றிருக்கவேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அதன் கணக்கில் மட்டுமே பணம் வந்து சேரவேண்டும். அப்படி வந்த பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றவும் கூடாது. கடிதத்தில் கொடுத்திருக்கும் எண் ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கு. நம்மில் பாதிப்பேர் குடியுரிமை மாறியவர்கள். அந்த எண்ணுக்குப் பணம் போட்டால் சிக்கல் ஊரில் இருக்கும் பொருளாளர் தலையில்தான் விழும். அவர் நல்ல மனிதர், அவரை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

ஆகவே சங்கத்தின் பெயரில் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதுவோம். கடந்த மூன்று வருஷத்தின் தணிக்கை செய்த வரவு செலவு, கடை வாடகையும் மண்டப வருமானமும் உட்பட, கோயில் வாசல் பலகையில் ஒட்டப்படவேண்டும். அதன் படம் இந்தக் குழுவுக்கு வரவேண்டும். நமக்கு முன்னால் அதைப் பார்க்கவேண்டியவர்கள் ஊரில் இருந்து மாதாமாதம் சங்கக் காணிக்கை கொடுப்பவர்கள்; அதனால்தான் வாசல் பலகை என்கிறேன். கட்டட நிதிக்குத் தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, அதில் ஒருவர் கமிட்டியில் இல்லாத சபையார், முடிந்தால் ஒரு பெண். உபதேசியாரின் சம்பளத்தை உயர்த்திய தீர்மானம் கையில் வந்த பிறகு கோபுரத்தைப் பற்றிப் பேசலாம். கணக்கு சரியாக இருந்தால் என் லட்சத்தை அந்த வாரமே அனுப்புவேன், கூடவும் தருவேன்.

பள்ளிக்கூரைக்கு இவை எதற்கும் காத்திருக்கவேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றிவிடவேண்டும். இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும் பணம் போட்டு, தலைமையாசிரியரின் கடிதத்தோடு ஓட்டுக்கடைக்கும் கொத்தனாருக்கும் ரசீது வாங்கி நேரடியாகக் கட்டிவிடலாம். வள்ளியூரிலோ நாங்குநேரியிலோ விலை விசாரித்துச் சொல்ல ஊரில் இருக்கும் தம்பிமார் யாராவது முன்வந்தால், இந்த மடலுக்கே பதில் போடுங்கள்.