என்.எஸ்.எஸ்.ஸில் சேரலாமா? அந்த 240 மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

வைகைக்கரை: தம்பி கல்லூரி முதல் வருசம். என்.சி.சி. அல்லது என்.எஸ்.எஸ்., ஏதாவது ஒன்றில் சேரச் சொல்கிறார்கள். என்.சி.சி. என்றால் டிரில், யூனிபார்ம் என்று தெரியும். இந்த என்.எஸ்.எஸ்., அதாவது நாட்டு நலப்பணித் திட்டத்தில் என்னதான் செய்வார்கள்?

சுள்ளான்: பேனர் பிடிப்பார்கள். துடைப்பத்தோடு போட்டோ எடுப்பார்கள். முடிந்தது.

மணிமுத்தாறு: கேட்டவருக்கு முதலில் விவரம் சொல்லுவோம் சுள்ளான். காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது. வருசத்துக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு வருசம் வேலை செய்யணும். தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு.

சுள்ளான்: அந்த ஏழு நாளைத்தான் நானும் பார்த்தேனே! காலையில் கோயில் வளாகத்தில் புல் செதுக்கினோம். பதினொரு மணிக்குச் சிறப்பு விருந்தினர், சால்வை, உரை. சாயங்காலம் கலைநிகழ்ச்சி. கடைசி நாள் மரக்கன்று நட்டோம். "நாளையிலிருந்து இதுக்கு யாருப்பா தண்ணி ஊத்துறது?" என்று ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை, பஸ் ஏறிவிட்டோம்.

மணிமுத்தாறு: அது நடத்தியவர்களின் கோளாறு. தத்தெடுப்பது என்றாலே அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான். எங்கள் திட்ட அலுவலர், அதாவது யூனிட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர், முகாமுக்கு முன்னாலேயே வீடு வீடாகக் கணக்கெடுக்க வைத்தார். தெருவைச் சுத்தம் செய்யலாம் என்று நினைத்துப் போனோம். நோட்டில் வந்ததோ வேறு. முதியோர் உதவித்தொகைக்கு மனுவே போடாத பாட்டிகள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். ஒருத்தருக்கு ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு பெயர். முகாமில் பாதி நாள் படிவம் நிரப்புவதிலும் வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலிலும்தான் கழிந்தது. போட்டோவுக்கு ஒன்றும் தேறவில்லை.

சுள்ளான்: உங்களுக்கு அப்படி ஒரு அலுவலர் வாய்த்தார். அவர்களும் பாவம், பாடமும் நடத்தி, விடைத்தாளும் திருத்தி, யூனிட்டுக்கு 100 பேரையும் மேய்க்கணும். ஆள் நல்லவராக இருந்தால்தான் நடக்கும் என்றால் அதற்குப் பெயர் திட்டமா?

தேரிமணல்: எல்லா மாணவருக்கும் கட்டாயமாக்கினால் தன்னால் உருப்படும்.

மணிமுத்தாறு: அது பழைய பேச்சு. பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு இத்தகைய சேவை கட்டாயம் என்று 1959-லேயே மத்திய அரசு அமைத்த தேஷ்முக் குழு சொன்னது. பிறகு பல நாட்டு முறைகளை ஆராய்ந்த கல்வியாளர் கே.ஜி. சையிதைன், கூடியவரை விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் போதும் என்றார். என்.சி.சி.யை 1963-ல் கட்டாயமாக்கி, 1968-ல் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள்.

சுள்ளான்: இதில் மட்டும் நான் உங்கள் கட்சி. கட்டாயமாக்கினால் 240 மணி நேரமும் பதிவேட்டில் மட்டும்தான் ஓடும்.

வைகைக்கரை: சண்டை இருக்கட்டும். சான்றிதழால் பலன் உண்டா?

மணிமுத்தாறு: வேலையெல்லாம் வாங்கித் தராது. தம்பிக்கு ராணுவ அதிகாரி ஆகும் எண்ணம் இருந்தால் என்.சி.சி.யில் சேரட்டும். அங்கே 'சி' சான்றிதழ் வாங்கினவர்களுக்குத் தனி நுழைவு வழியே இருக்கிறது.

சுள்ளான்: போன வருசம் எந்த ஊரில் முகாம், அதற்கு முந்தின வருசம் எந்த ஊர் என்று சீனியர்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு ஊர் என்றால் என்.சி.சி.க்கே போகட்டும்.

மணிமுத்தாறு: கணக்கெடுப்பு நோட்டு இருக்கிறதா என்றும் கேட்கட்டும்.