பழைய பள்ளிக்கூட மியூசியம்: உங்களுக்கு என்ன நடந்தது?

பனங்காய்ப் பணியாரம்
கனடாவில, ஒன்ராறியோவில இருக்கிற ஒற்றை அறைப் பள்ளிக்கூட மியூசியங்கள் தெரியும்தானே. செங்கல் கட்டடம், இரும்படுப்பு, மைக்கூட்டுக்கு ஓட்டை போட்ட மேசை. அறுபதுகளில பஸ் விட்டுப் பிள்ளையளைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஏத்தத் தொடங்க, இதுகளைப் பூட்டினவை. போன கோடைக்கு அம்மாவோட ஒண்டுக்குப் போனனான். அங்க நிண்ட தொண்டர் மனிசி ஒரு சிலேற்றை அம்மான்ர கையில குடுத்தா. அம்மா வாங்கில இருந்து, முதல் வேலையா வலப்பக்க மூலையில திகதி போட்டா. பிறகு பெரிசா ஒரு 'அ'. சுழி சரி வரேல்லப் போல, விரலில துப்பல் தொட்டு அழிச்சு, சீலைத் தலைப்பால துடைச்சா. எனக்கு வெக்கமாப் போச்சு. "அம்மா, இது மியூசியச் சாமான்" எண்டு பறிச்சிட்டன். அந்த மனிசி சிரிச்சு, தானும் சின்னனில அப்பிடித்தான் அழிச்சதாம் எண்டா. அம்மான்ர கை மட்டும் சிலேற்றைப் பிடிச்ச மாதிரியே மேசையில கிடந்தது.

மதுரைக்காரன்
துப்பலா? எங்க ஊர்ல கோவை இலை. கசக்கித் தேச்சா பளபளன்னு ஆயிடும்.
நான் போன இடத்துல வாத்தியார் மேசை மேல ஒரு தோல்வார் கிடந்துச்சு. என்னப்பா இதுன்னு பையன் கேட்டான். எடுத்து என் உள்ளங்கையில ஒரு தட்டு தட்டிக் காட்டினேன். பக்கத்துல நின்ன வெள்ளைக்காரத் தாத்தா ரெண்டு கையையும் பேன்ட் பைக்குள்ள விட்டுக்கிட்டார். வாத்தியார் அடிக்கக் கூடாதுன்னு கனடா சுப்ரீம் கோர்ட் சொன்னதே 2004லதான்.
அப்புறம், நீங்க பிடுங்கினது தப்பில்லை. காட்சிப் பொருள்னா காட்சிப் பொருள்தான்.

ஆலமரத்தடி
கையில கொடுத்ததே அவங்கதானே மதுரை? நீங்க மட்டும் தோல்வாரை எடுத்துத் தட்டலாமா?
சிலேட்டு, மைக்கூடுன்னே பேசிட்டிருக்கோம். பிரான்ட்ஃபோர்டுல மோஹாக் இன்ஸ்டிட்யூட் போய்ப் பாருங்க. பூர்வகுடிப் பிள்ளைங்களை வீட்டுலேருந்து பிரிச்சு வச்சிருந்த உறைவிடப் பள்ளி, 1970ல மூடினது. ஓயாம ஓட்ஸ் கூழ் ஊத்தினதால பிள்ளைங்க வச்ச பேரு 'மஷ் ஹோல்', கூழுப் பொந்து. பின்பக்கச் செங்கல்ல பேரு பேரா கீறி வச்சிருக்காங்க. ஒரு பேர்கிட்ட விரலைக் கொண்டுபோனவ, தொடாம இழுத்துக்கிட்டேன். தொட்டிருக்கலாமோன்னு இப்பவும் தோணுது.

சுப்புத் தாத்தா
சண்டை எதுக்கு. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க கவனிங்க. சின்ன ஊர் மியூசியம் பலதும் கோடையில மட்டும்தான் திறக்கும், போன் பண்ணிட்டுக் கிளம்புங்க. வாசல்ல படி இருக்கும், சாய்வுப் பாதை இருக்கான்னு கேளுங்க. பெஞ்சு குழந்தைங்க அளவு. முட்டிவலிக்காரங்க உட்கார்ந்தா எழுந்திருக்க ரெண்டு ஆள் வேணும். மடக்கு நாற்காலி எடுத்துக்குங்க, புளிச்சாதம் கட்டிக்குங்க. டொரான்டோ பக்கத்து மார்க்கம் ஊர்ப் பக்கம்னா மார்க்கம் மியூசியம் போகலாம். 1907ல கட்டின மவுன்ட் ஜாய் பள்ளிக்கூடத்துல, 1971ல ஆரம்பிச்சது. லோகஸ்ட் ஹில் ரயில் ஸ்டேஷனையே பெயர்த்துக் கொண்டுவந்து வச்சிருக்காங்க, பேரன்கள் அங்கேயே கிடப்பாங்க.
என் அனுபவமா? ஒரு ஊர்ல மணிக்கயித்தை இழுத்துட்டேன். திட்டினாங்க.

பனங்காய்ப் பணியாரம்
ஐயா, அம்மாக்கு முழங்கால் நல்லாத்தான் இருக்கு.
மதுரை, கோவை இலையைப் பற்றி அவாட்டக் கேட்டன். இலை கொண்டுபோக மறந்த நாளைக்குத்தான் துப்பலாம். அதுக்கு ரீச்சரிட்ட அடியும் வாங்கினவவாம். நான் பறிச்சதைப் பற்றி அவா ஒண்டும் கதைக்கேல்ல. நானும் கேக்கேல்ல.