செம்மறிக் குட்டிகளுக்கு வயித்துப்புழுவுக்குத் தடுப்பூசி இருக்கா?

மேலூர் மந்தை:
வணக்கம். மேலூர்ப் பக்கம் செம்மறி, மேய்ச்சல்தான், ராத்திரி கிடை. மூணு மாசக் குட்டிகள் 40 நிக்குது, எடை 15-லிருந்து 18 கிலோ. ஐப்பசி மழைக்கு அப்புறம் கண்மாய்க்கரைப் புல்லில்தான் மேய்ச்சல். அஞ்சாறு குட்டிக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குது, கண் வெளுத்துப் போச்சு. கழிச்சல் இல்லை, புழுக்கை நல்லாத்தான் போடுது. அல்பெண்டசோல் 2.5% புழு மருந்து தலைக்கு 3 மில்லி ஊத்தியும் ரெண்டு வாரமா தெளியலை. துள்ளுமாரி நோய்க்குப் போடுற மாதிரி இந்தப் புழுவுக்கும் ஊசி இருக்குன்னு வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? எங்கே வாங்கலாம்?

திருமங்கலம் கால்நடை:
ஊசி இருப்பது உண்மைதான். நம்ம ஊர் மருந்துக்கடையில் கிடைக்காது. பார்பர்வாக்ஸ் என்று பெயர். ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, 2014-ல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவில் வயர்வாக்ஸ் என்ற பெயரில் விற்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிக்குக் காரணம் பெரும்பாலும் ஹீமாங்கஸ். நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற புழு. ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 15 கிலோ குட்டியின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் ஒரு லிட்டர்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தப் புரதம் குறைவதால்தான் தாடையில் நீர் இறங்குகிறது.

அந்த ஊசி மருந்து, புழுவின் குடல் சுவரில் உள்ள புரதத்தை எடுத்துச் செய்தது. ஊசி போட்ட ஆட்டின் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்புப் பொருள் உண்டாகும். புழு ரத்தத்தைக் குடிக்கும்போது அதுவும் சேர்ந்து போய்க் குடலைக் கெடுக்கும். முட்டையிடுவது குறையும், புழு சாகும். ஆனால் இந்தப் புரதம் புழுவின் உள்ளே மறைந்திருப்பதால், மேய்ச்சலில் புழு ஏறுவதால் மட்டும் ஆட்டுக்கு எதிர்ப்பு பெருகாது. ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். 1 மில்லி தோலுக்கடியில், 3 முதல் 4 வார இடைவெளியில் மூன்று முறை. மூன்றாவதுக்குப் பிறகுதான் பாதுகாப்பு பிடிக்கும். அப்புறம் புழுக் காலம் முடியும்வரை 6 வாரத்துக்கு ஒன்று. ரத்தம் குடிக்காத மற்ற புழுக்களுக்கு இது கேட்காது. ஏற்கெனவே தாடை வீங்கிய குட்டிக்கு இன்று போட்டாலும் பிரயோஜனமில்லை.

கீழக்கரிசல் ஆடு:
ஊசியை விடுங்கண்ணே, முதல்ல அளவைப் பாருங்க. 2.5% மருந்தில் மில்லிக்கு 25 மில்லிகிராம். செம்மறிக்குக் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம்னு வெச்சா 18 கிலோ குட்டிக்கு 135 மில்லிகிராம், அதாவது 5.4 மில்லி. நீங்க ஊத்தினது 3. பாதிக்குக் கொஞ்சம் மேல! இப்படிக் குறைச்சு ஊத்த ஊத்த, தப்பிச்ச புழுவோட வம்சம்தான் மந்தையில் பெருகும். கண்ணளவில் எடை போடாம, கூட்டத்திலேயே பெரிய குட்டியைத் தராசில் நிறுத்தி மருந்து குடுக்கிற குட்டிக்கெல்லாம் அந்த அளவையே ஊத்துங்க. எடை ரொம்ப வித்தியாசப்பட்டா ரெண்டு கூட்டமாப் பிரிச்சுக்கணும்.

கடையில் 10% பாட்டிலும் இருக்கு, அதில் 5.4 ஊத்தினா நாலு மடங்கு. லேபிளைப் படிச்சுட்டு ஊத்துங்க. பாட்டிலை நல்லாக் குலுக்கணும், இல்லைன்னா மருந்து அடியிலேயே தங்கிடும். வாயோரமா விட்டு நாக்குக்குப் பின்னாடி இறக்கணும், தலையை அண்ணாத்திப் பிடிச்சா மூச்சுக்குழலுக்குள்ளே போயிடும். சினை ஆடுகளுக்கு முதல் மாசத்தில் அல்பெண்டசோல் வேண்டாம்.

திருமங்கலம் கால்நடை:
அளவு பற்றிச் சொன்னது சரி. ஆனால் சரியான அளவு கொடுத்தும் கேட்காமல் போகலாம். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் இரண்டும் ஒரே வகை மருந்து. பெயரை மாற்றி வாங்கினால் மருந்து மாறியதாகாது. தமிழ்நாட்டில் பல மந்தைகளில் இந்த வகை மருந்தைத் தாங்கும் எதிர்ப்பு புழுக்களுக்கு வந்துவிட்டது.

சோதிக்க வழி இருக்கிறது. மருந்து கொடுக்கும் நாளில் 10 குட்டிகளின் ஆசனவாயிலிருந்தே புழுக்கை எடுங்கள், தரையில் கிடப்பதை அள்ள வேண்டாம். தனித்தனிப் பையில் காற்றில்லாமல் கட்டி, ஐஸ் பெட்டியில் அன்றே மதுரை கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ திருப்பரங்குன்றம் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்துக்கோ சேர்த்து, முட்டை எண்ணித் தரக் கேளுங்கள். வெயிலில் வைத்தால் முட்டை பொரித்துக் கணக்கு தப்பும். 14-ஆம் நாள் அதே குட்டிகளுக்கு மறுபடி. கிராமுக்கு 2000 முட்டை இருந்தது 600 ஆனால் 70% குறைவு. இந்தக் குறைவு 95%-க்குக் கீழே வந்தாலே மருந்து தோற்கிறது என்று அர்த்தம்.

தாடை இறங்கிய குட்டிகளுக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். வேறு வகை மருந்துகளான குளோசன்டெல் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது லெவாமிசோல் 7.5 மில்லிகிராம், மருத்துவர் சொல்லிக் கொடுங்கள். குளோசன்டெல் மிஞ்சினால் கண் பார்வை போகும்; லெவாமிசோல் மிஞ்சினால் நுரை தள்ளி நடுங்கும். கண்மாய்க்கரை மேய்ச்சல் என்பதால் ஈரல் தட்டைப்புழுவும் இருக்கலாம். அதற்கும் தாடை வீங்கும், சாணப் பரிசோதனையில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மேலூர் மந்தை:
நன்றிங்க. மருந்து ஊத்தின கையோட எல்லாத்தையும் புது மேய்ச்சலுக்கு மாத்திடலாமா?

கீழக்கரிசல் ஆடு:
அது மட்டும் வேண்டாம். மருந்துக்குத் தப்பின புழுவோட முட்டை மட்டும் புது நிலத்தில் விழும், மருந்துக்குச் சாகிற புழுவோட கலப்பே இருக்காது. எல்லாத்துக்கும் ஊத்துறதையும் விடுங்க. பகல் வெளிச்சத்தில் கீழ் இமையை இழுத்துப் பாருங்க: சிவப்பா இருக்கிறதை விட்டுடுங்க, வெளிர்ந்ததுக்கும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்ததுக்கும் மட்டும் மருந்து. மழைக்காலத்தில் ரெண்டு வாரத்துக்கு ஒரு தரம் பார்க்கணும். காலைப் பனி காய்ஞ்சப்புறம் மேய விடுங்க, ஈரத்தில்தான் புழுக்குஞ்சு புல்நுனிக்கு ஏறும். வெளுத்த குட்டிகளை மந்தையோட ஓட்டாதீங்க, விரட்டினாலே விழுந்து செத்துடும். பட்டியிலேயே கட்டி அகத்தி, சூபாபுல், கொஞ்சம் கடலைப்புண்ணாக்கு போடுங்க. விக்கிற குட்டின்னா, மருந்து குடுத்து எத்தனை நாள் கழிச்சு அறுக்கலாம்னு லேபிளில் போட்டிருப்பான், அதைப் பார்த்துக்கங்க.