அம்மாவுக்குப் பெட்டி வாங்க வேண்டும், உதவுங்கள்

அடுத்த மாதம் அக்கா பிரசவத்துக்காக அம்மா சென்னையிலிருந்து நியூ ஜெர்சிக்குத் தனியாகப் போகிறார். டிக்கெட்டில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி, நீளம் அகலம் உயரம் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. வீட்டில் இருக்கும் பழைய சூட்கேஸ் காலியாகவே 5 கிலோ, அதுவும் போன முறை ஒரு சக்கரம் பிய்ந்து, முட்டிவலியோடு அம்மா அதை இழுத்துக்கொண்டு வந்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. இந்த முறை நாலு சக்கரம் வைத்த பாலிகார்பனேட் பெட்டி பார்க்கிறேன், தள்ளினாலே நகர்கிறது. ஆனால் பிரசவ லேகியம், பருப்புப்பொடி எல்லாம் அடைத்தால் ஜிப் தாங்குமா? டிஎஸ்ஏ பூட்டு, அதாவது அமெரிக்க விமான நிலையச் சோதனை அதிகாரிகள் தங்களிடம் உள்ள பொதுச் சாவியால் திறக்கக்கூடிய பூட்டு, இருந்தால் அங்கே சோதனைக்கு உடைக்காமல் திறப்பார்கள், அது கட்டாயம் வேண்டும். அப்பா அம்மாவை அனுப்பியவர்கள் எது வாங்கினீர்கள், சொல்லுங்களேன்.