குளத்து ஃபில்டரிலிருந்து தண்ணீரை இறக்கும் முன்

வாடகை வீட்டின் பின்னால் நீச்சல் குளம் இருப்பது கோடையில் சந்தோஷம்தான். குளிர் நெருங்கும்போது அதன் ஃபில்டரும் நம் தலையில் விழும். (வீட்டுக்காரர் பொறுப்பா, நம் பொறுப்பா என்று ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) தண்ணீர் உறைந்தால் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். உள்ளே தேங்கியிருந்தால் ஃபில்டர் தொட்டியும் பம்பும் விரிசல் விட்டுவிடும்.

முதல் வருடம் நான் பம்பை நிறுத்திய கையோடு ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடியும் துளையை அடைக்கும் பிளக்கைத் திருகிக் கழற்றிவிட்டேன். தண்ணீர் நிற்கவே இல்லை. அரை மணி கழித்துத்தான் உறைத்தது, குளத்தையே இறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று! எங்கள் ஃபில்டர் குளத்து நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது; நானோ வால்வுகளை மூடவில்லை.

அதனால் முதலில் மின்சாரத்தை பிரேக்கரிலேயே அணையுங்கள். சுவிட்ச் மட்டும் போதாது, டைமர் இருந்தால் பம்ப் தானாக ஓடிவிடும். அப்புறம் குளத்திலிருந்து வரும் வால்வு, திரும்பப் போகும் வால்வு இரண்டையும் மூடுங்கள். பிறகு ஃபில்டரின் தலையில் உள்ள காற்று வால்வைத் திறந்து, பிரஷர் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருங்கள். அதற்குமுன் மூடியின் கிளாம்பைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் மூடி பறந்து வந்தால் உயிருக்கே ஆபத்து. கடைசியாகத்தான் பிளக். காற்று வால்வைத் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் கவிழ்த்த பாட்டில் மாதிரி விக்கி விக்கித்தான் தண்ணீர் வரும்.

மணல் ஃபில்டர் மெதுவாக வடியும், விட்டுவிடுங்கள். தண்ணீரோடு மணலும் நிறைய வந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. மல்டிபோர்ட் வால்வின் (தண்ணீர் போகும் வழியை மாற்றும் வால்வு) கைப்பிடியை பம்ப் ஓடும்போது திருப்பாதீர்கள். குளிர்காலத்துக்கு 'விண்டரைஸ்' நிலை இருந்தால் அதில் வையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது பம்பைத்தான். அதற்குப் பெரும்பாலும் இரண்டு பிளக் உண்டு. ஹீட்டர் இருந்தால் அதிலும் தண்ணீர் நிற்கும்.

இறக்கும் தண்ணீரை மழைநீர் வடிகாலில் விடாதீர்கள். அது பல ஊர்களில் நேராக ஆற்றுக்குப் போகிறது, குளோரின் மீன்களுக்கு விஷம். எங்கே விடலாம் என்று நகராட்சியிடம் கேளுங்கள்.

ஓ-ரிங்குகளுக்கு (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) வாஸ்லின் வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். சிலிகான் கிரீஸ் பூசுங்கள். கழற்றிய பிளக்குகளை பம்பில் குப்பை பிடிக்கும் கூடைக்குள்ளேயே போட்டு வைத்தால் வசந்தத்தில் தேடி அலைய வேண்டாம்.