மறு: ராக் குழு தானே வெளியிடும் ஆல்பம் – ‘சுயாதீன’மா, ‘தன்வெளியீ’டா?

நண்பர்களே,

> ‘சுயாதீன ஆல்பம்’ என்றே போட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரிகிற சொல்தானே?

புரிகிற சொல்தான் ஐயா, ஆனால் படிக்கிறவர் அதைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றைப் புரிந்துகொள்கிறாரே, அதுதான் என் சிக்கல். ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பம் பற்றிய கட்டுரையில் இரண்டு நாளாக ஒரே வரியில் நிற்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன், சொல்லை அப்புறம் பார்க்கலாம்.

1993 முதல் 2003 வரை அவர்களுடைய ஆறு ஆல்பங்கள் இ.எம்.ஐ. என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனம் மூலம் வந்தன (மாதத் தவணை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல). ஒப்பந்தம் அதோடு முடிந்தது. ஏழாவதான ‘இன் ரெயின்போ’ஸை எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் இல்லாமலே முடித்தார்கள். 2007 அக்டோபர் 1 அன்று கிதார் வாசிக்கும் ஜானி கிரீன்வுட், குழுவின் வலைப்பதிவில் ஆல்பம் தயார், பத்து நாளில் வருகிறது என்று சுருக்கமாக எழுதிவிட்டுப் போய்விட்டார். சொன்னபடி 10ஆம் தேதி பத்துப் பாட்டும் ஒரே ஜிப் கோப்பாக, 160 கேபிபிஎஸ் எம்பி3யாக வந்து இறங்கின. விலை போடுகிற கட்டம் காலி. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, அதை அழுத்தினால் ‘உங்கள் இஷ்டம்’ என்று வரும், நம்பாமல் மறுபடி அழுத்தினால் ‘நிஜமாகவே உங்கள் இஷ்டம்தான்’ என்று வரும். சுழியம் போட்டும் இறக்கிக்கொள்ளலாம். நிறைய பேர் அப்படித்தான் செய்தார்கள், நானும் அந்தக் கணக்கில்தான் வருவேன்.

இதுவரை சிக்கலே இல்லை. ஆனால் அதே ஆல்பம் டிசம்பர் 31 அன்று பிரிட்டனில் கடைக்கு சிடியாக வந்தபோது போட்டது எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ். அது ஒரு ‘இண்டி’ நிறுவனம், அதாவது பெரிய நிறுவனங்களின் பிடிக்குள் இல்லாதது, ஆனாலும் நிறுவனம்தான். குழு அவர்களுக்குக் கொடுத்தது விற்கும் உரிமம் மட்டும், மூலப்பதிவு குழுவின் கையிலேயே இருந்தது. ஆக அக்டோபரில் குழு தானே போட்டது ஒன்று, டிசம்பரில் நிறுவனம் போட்டது இன்னொன்று, இரண்டையும் ஆங்கிலக்காரர்கள் ‘இண்டிபெண்டண்ட்’ என்ற ஒரே பையில் போடுகிறார்கள். அந்தப் பையையே வாங்கி நாம் ‘சுயாதீன’ என்று பெயர் ஒட்டினால் குழப்பமும் சேர்ந்துதான் வரும். அவர்களுக்காவது தேவைப்படும்போது பிரித்துச் சொல்ல ‘செல்ஃப் ரிலீஸ்டு’ என்று ஒன்று இருக்கிறது, நமக்கு அதுதான் இல்லை.

‘சுயேச்சை ஆல்பம்’ என்று போன வாரம் ஒருவர் சொன்னார். வேண்டாங்க, டெபாசிட் போய்விடும் போலத் தோன்றுகிறது.

‘தன்வெளியீடு’ பார்க்க நறுக்கென்று இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘தன்’ ஒருமை. ஒரு பாடகர் வெளியிட்டால் தன்வெளியீடு, ஐந்து பேர் குழு வெளியிட்டால் தம்வெளியீடா? தட்டச்சில் நடுவே ஒரு இடைவெளி விழுந்துவிட்டால் ‘தன் வெளியீடு’ என்று ஆகி, யாருடைய வெளியீடு என்று படிக்கிறவர் முந்தைய வரிக்குப் போய்த் தேட வேண்டும்.

இவ்வளவு யோசித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. நம் ஊரில் இதற்குச் சொல் இருக்கிறது, சினிமாக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்: ‘சொந்தப் படம்’. “அந்த நடிகர் சொந்தப் படம் எடுத்தார்” என்றால் போதும், கம்பெனி இல்லை, பணம் அவருடையது, ஓடினால் லாபம் அவருக்கு, ஓடாவிட்டால் வீடு அடமானத்துக்குப் போகும் என்பதுவரை எல்லாம் அந்த இரண்டு சொல்லில் வந்துவிடும். அப்படியானால் இது ‘சொந்த வெளியீடு’.

பழைய கதை ஒன்றில் வைத்துப் பார்த்தேன், பொருந்துகிறது. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்று நாலு பாட்டுத் தட்டு ஒன்றைப் போட்டது. தெரிந்தவர்களிடமும் வீட்டிலும் 500 பவுண்டு கடன் வாங்கி முதலில் 1000 தட்டு அடித்தார்கள், தங்களுக்கென்று ‘நியூ ஹார்மோன்ஸ்’ என்று ஒரு பெயரும் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்று உறையிலேயே அச்சடித்திருந்தார்கள். கடன் வாங்கியாவது தானே போடுவது என்றால் அது சொந்த வெளியீடுதான். ‘சுயாதீனம்’ என்றால் அந்தக் கடன் கண்ணுக்கே தெரியாது.

இசைத்தட்டு நிறுவனத்தை ஆங்கிலத்தில் சொல்கிற ‘லேபிள்’ பற்றித் தனி இழை போடலாம். ‘முத்திரை’ எனக்கு ஒட்டவில்லை. என் தாத்தா ‘நாய்த் தட்டு’ என்பார், எச்.எம்.வி. தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் இருந்த நாயை வைத்து. லேபிள் என்ற பெயரே அந்தக் காகிதத்தில் இருந்து வந்ததுதானே. அந்த நாய்க்காரர்களின் கிராமபோன் கம்பெனிதான் 1931இல் கொலம்பியாவோடு சேர்ந்து இ.எம்.ஐ. ஆனது. சரி, இது இப்போது வேண்டாம்.

---

தம்பி,

‘சுயாதீன’ என்பதை இவ்வளவு வெருட்ட வேண்டாம், இலங்கையில் அது செய்தித்தாளில் நாள்தோறும் புழங்கும் சொல். அதை எக்ஸ்எல் போன்ற நிறுவனங்களுக்கு விட்டுவிடுங்கள், ‘சுயாதீன நிறுவனம்’ நன்றாகவே இருக்கிறது.

‘சொந்த’ பற்றி ஒரு கேள்வி. என் மகன் இங்கே ஒரு ராக் குழுவில் கிற்றார் வாசிக்கிறான். அவர்கள் ‘சொந்தப் பாட்டு’ என்றால் பிறர் பாட்டைத் திருப்பிப் பாடாமல் தாங்களே எழுதிய பாட்டு என்று அர்த்தம். ‘சொந்த ஆல்பம்’ என்று நீங்கள் எழுதினால் அவன் அப்படித்தான் வாசிப்பான். அதற்கு என்ன செய்வீர்கள்?

---

அண்ணா,

சரியான இடத்தில் பிடித்தீர்கள், இது எனக்குத் தோன்றவே இல்லை. ‘சொந்த ஆல்பம்’ கூடாது. ‘சொந்த’ எப்போதும் வெளியீட்டோடு மட்டும் ஒட்டட்டும், ‘சொந்த வெளியீடாக வந்த ஆல்பம்’ என்று. கொஞ்சம் நீளம், பரவாயில்லை. பிறர் பாட்டுகளை மட்டுமே பாடி ஒரு குழு தானே வெளியிட்டாலும் அது சொந்த வெளியீடுதான், அந்த இடத்திலும் சொல் நிற்கிறது. ‘சுயாதீன நிறுவனம்’ பற்றிச் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

கட்டுரை வரி இப்போது இப்படி இருக்கிறது:

“இன் ரெயின்போஸ், 2007 அக்டோபர் 10 அன்று குழுவின் சொந்த வெளியீடாக இணையத்தில் வந்தது, குறுந்தட்டு, டிசம்பர் 31 அன்று எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் என்ற சுயாதீன நிறுவனத்தின் உரிம வெளியீடாகப் பிரிட்டனில் கடைகளுக்கு வந்தது.”

கேட்கிறவரே விலை வைப்பதற்கு ‘இஷ்ட விலை’ என்று போட்டிருக்கிறேன், அந்தக் கேள்விக்குறி சொன்னதை வைத்து. ‘மொய் விலை’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார், சிரித்துவிட்டேன், ஆனால் மொய்யை நோட்டில் எழுதித் திருப்பிச் செய்ய வேண்டுமே. உங்கள் மகனிடம் ‘உரிம வெளியீடு’ காதுக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.